தோட்டத்துக் கடிதங்கள்: வாசலில் மரப்பட்டை போடலாமா?

சென்ற இதழில், எங்கள் வீட்டு எலுமிச்சையைச் சுற்றி மரப்பட்டை பரப்பியிருப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. மாவுப்பூச்சிக் கேள்விகள் அடுத்த இதழுக்குக் காத்திருக்கட்டும். இந்த முறை முழுக்க மூடாக்குதான், அதாவது செடியடி மண்ணின் மேல் பரப்பிவைக்கும் பட்டை, சருகு, வைக்கோல் மாதிரியானவை. எனக்கு இது சின்ன வயதிலிருந்தே பழகிய பொருள். மேட்டுப்பாளையத்தில் அப்பா மர அறுவை மில் வைத்திருந்தார். நீலகிரியிலிருந்து இறங்கும் சில்வர் ஓக், கற்பூர மரம், சீகை மரம் எல்லாம் எங்கள் களத்தில் கிடக்கும். பட்டைக் குவியலில் ஏறி விளையாடி, அதில் கையை விட்டுச் சூடு பார்த்து வளர்ந்தவள் நான். இப்போது கோவை வடவள்ளியில், ஐந்து சென்ட் வீட்டில், அதே பட்டையைச் செடிக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஓசூரில் புது வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம், அம்மா. வாசல் ஓரமாக 20 அடி நீளம், 5 அடி அகலத்தில் செம்பருத்தி, இட்லிப்பூ, ஒரு எலுமிச்சை வைத்திருக்கிறோம். தோட்டம் போட்டுக் கொடுத்தவர் பைன் மரப்பட்டை மூட்டை வாங்கி 3 அங்குலத்துக்குப் பரப்பச் சொல்கிறார். மாமியாரோ, "மரத்தைக் கொண்டுவந்து வாசலில் கொட்டினால் கரையான் வரும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
— ஓசூர் வாசகி

மாமியார் சொல்வதை முதலில் பார்ப்போம். செடி போனால் இன்னொன்று வைக்கலாம், நிலைக்கதவு அப்படியில்லை.

கரையான் பெரும்பாலும் மூட்டையில் ஏறி வருவதில்லை. அது முன்பே உங்கள் மண்ணுக்குள் இருக்கிறது. ஈரம், நிழல், செத்த மரம் மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் மேலே வரும். பட்டை பரப்பிய பாத்தி அந்த மூன்றையும் கொடுக்கிறது. அதனால் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளியே பட்டையை நிறுத்துங்கள். அந்த ஒரு முழம் வெறும் தரையாகவோ ஜல்லியாகவோ இருக்கட்டும். கரையான் சுவரில் ஏற மண் குழாய் கட்டித்தான் ஆக வேண்டும். சுவரடி வெறுமையாக இருந்தால் வாசல் கூட்டும்போதே அது கண்ணில் பட்டுவிடும். பட்டை சுவரை ஒட்டிக் கிடந்தால் குழாய் மறைந்துபோகும், ஆபத்து அதில்தான் இருக்கிறது. மரக் கதவு, மரத்தூண், கேட்டின் மரச்சட்டம் எதையும் பட்டை தொடக் கூடாது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை முள்வாரியால் பட்டையைக் கிளறிவிடுங்கள். கரையான் கட்டிய வழியெல்லாம் உடைந்து, வெயில் பட்டுப் போகும். பட்டைக்குள் நாலு கரையானைப் பார்த்துவிட்டு மருந்து வாங்கி ஊற்றாதீர்கள். வேர்பிடித்து நன்றாக நிற்கும் செம்பருத்தியை அது தொடாது, செத்த பட்டையைத்தான் தின்னும். புதிதாக நட்டு, தண்ணீர் காணாமல் வாடி நிற்கும் கன்றுகளிடம் மட்டும் கவனமாக இருங்கள். நீங்கள் ஊற்றும் மருந்தில் மண்புழு முதலில் சாகும்.

அடுத்து அந்த 3 அங்குலம். செம்பருத்திக்கும் இட்லிப்பூவுக்கும் 2 அங்குலமே போதும். 100 சதுர அடியில் 3 அங்குலம் பரப்ப 25 கன அடி வேண்டும். அதாவது 700 லிட்டர், 50 லிட்டர் மூட்டையில் 14. 2 அங்குலம் என்றால் 10 மூட்டையில் முடிந்துவிடும். தேவையைவிடத் தடிமனாகப் போட்டால் காசு போவது மட்டுமில்லை, லேசான மழையும் கைக்குழாய்த் தண்ணீரும் பட்டையை நனைத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். மேலே கறுத்து ஈரமாகத் தெரியும், கீழே மண் காய்ந்து கிடக்கும். ஆகவே முதலில் மண் ஊறத் தண்ணீர் விட்டு, பிறகு பட்டையைப் பரப்புங்கள். சொட்டுநீர்க் குழாய் இருந்தால் அது பட்டைக்கு அடியில் ஓட வேண்டும். தண்ணீர் விடும் முன் பட்டையை ஒதுக்கி, ஆள்காட்டி விரலை இரண்டு கணு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

இப்போது எலுமிச்சை. இதை எழுதும்போது எனக்கு இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது. இப்போது எங்கள் வீட்டில் நிற்பது இரண்டாவது எலுமிச்சை. முதல் மரத்துக்கு, நல்லது செய்வதாக நினைத்து, தண்டைச் சுற்றி ஒரு சாண் உயரத்துக்குப் பட்டையைக் கோபுரமாகக் குவித்துவைத்தேன். ஐப்பசி மழை முழுக்க அது ஈரத்திலேயே நின்றது. தையில் தண்டிலிருந்து பிசின் வடிந்தது. இலை மஞ்சளானது. பட்டையை விலக்கிப் பார்த்தால் அடித்தண்டின் தோல் பழுப்பாகி, நகத்தால் கீறினாலே உரிந்து வந்தது. ஆறு வருடம் காய்த்த மரம், அந்தக் கோடையைத் தாண்டவில்லை. எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி எல்லாவற்றுக்கும் அடித்தண்டு அழுகல் பொல்லாத நோய். தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறும் மண்ணாக இருக்கட்டும். மற்றச் செடிகளுக்கு நாலு விரல் இடைவெளி போதும்.

பைன் பட்டை நல்ல பொருள்தான். சீக்கிரம் மக்காது, காற்றில் பறக்காது. ஆனால் தூரத்திலிருந்து மூட்டையாக வருவது. வாசல் பார்வைக்கு வேண்டுமென்றால் வாங்கிக்கொள்ளுங்கள். பின்பக்கத்துக்கும் காய்கறிப் பாத்திக்கும் அதை வாங்கச் சொல்ல மாட்டேன். அங்கே காய்ந்த இலையும் வைக்கோலும் சீக்கிரம் மக்கி மண்ணோடு சேரும், மண்ணுக்கு வேண்டியதும் அதுதான். சாயம் போட்ட சிவப்புப் பட்டையைக் காட்டினால் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். சாயத்தைவிட அதன் அடியில் இருக்கும் மரத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை. உடைந்த பெட்டி மரம், பழைய பலகை எதை அரைத்தாலும் சாயத்துக்குள் தெரியாது. உண்மையான பட்டை என்றால் ஒரு பக்கம் சொரசொரப்பாக, மறுபக்கம் வழுவழுப்பாக இருக்கும்.

மதுரையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். வெயிலுக்குத் தாங்கட்டும் என்று மரக்கடையில் மரத்தூள் வாங்கி மண்ணோடு சரிபாதி கலந்து தக்காளி, கத்தரி நட்டேன். ஒரு மாதமாகச் செடி வளரவே இல்லை. அடியிலை எல்லாம் வெளிறிவிட்டது. மரத்தூளில் ஏதாவது விஷம் இருக்குமா, அக்கா?
— மதுரை வாசகர்

விஷம் இல்லை தம்பி, பசி. மரத்தூளை மண்ணோடு கலந்ததும் நுண்ணுயிர்கள் அதைத் தின்ன ஆரம்பிக்கின்றன. அவற்றுக்கு மரத்தூள் வெறும் சோறு மாதிரி. குழம்பு வேண்டும், அதாவது தழைச்சத்து (நைட்ரஜன்). மரத்தூளில் அது இல்லாததால் மண்ணில் இருப்பதை எடுத்துக்கொள்கின்றன. செடிக்கு மிஞ்சுவதில்லை. பசுஞ்சாணத்தில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு இருபது, இருபத்தைந்து பங்கு கரிமச்சத்து (கார்பன்) இருக்கும். தென்னை நார்க்கழிவில் நூறு பங்குக்கு மேல். மரத்தூளில் முந்நூறையும் தாண்டிவிடும். இந்த வித்தியாசத்தைச் செடிதான் தாங்க வேண்டியிருக்கிறது.

அதே மரத்தூளோ பட்டையோ மண்ணின் மேலே கிடந்தால் இந்தத் தொல்லை அநேகமாக வராது. மண்ணைத் தொடும் மெல்லிய மேல்படலத்தில் மட்டும் சத்து இழுக்கப்படும், வேர் அதற்குக் கீழே நிம்மதியாக இருக்கும். மூடாக்கு என்ற சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது, மூடத்தான் அது. மண்ணுக்குள் கலக்கக் கூடாது.

இப்போதைக்குக் கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, வாரம் ஒருமுறை ஊற்றிவாருங்கள். அதில் தழைச்சத்து 7 சதவீதம் வரை உண்டு. இரண்டு மூன்று வாரத்தில் புது இலை பச்சையாக வரும். வெளிறிய அடியிலை திரும்பாது, கிள்ளிவிடுங்கள். அடுத்த முறை மண்கலவையில் மரத்தூளை விட்டுவிட்டு, தொட்டியின் மேலே ஒரு அங்குலத்துக்குப் பட்டைத் துண்டோ காய்ந்த இலையோ போடுங்கள். மதுரை மொட்டைமாடி வெயிலுக்குத் தொட்டியின் மண்ணை மூடாமல் விடுவதே தப்பு.

கடலூர் பக்கம் சவுக்கு வெட்டும்போது காட்டிலேயே பட்டை உரித்துப் போட்டுவிடுகிறார்கள். கேட்டால் சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வீட்டுத் தோட்டத்துக்கு ஆகுமா? எங்களுடையது மணல் பூமி.
— கடலூர் வாசகர்

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். காகித ஆலைக்குப் போகும் சவுக்கும் தைலமரமும் பட்டை உரித்தே ஏற்றப்படுவதால் தோட்டத்தில் கிடைக்கிற சொத்து அது. மூட்டை மூட்டையாகக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கும்போது உங்களுக்கு வீட்டு வாசலில் கிடைக்கிறது. மணல் பூமிக்கு மூடாக்கு கிடைப்பதைப் போல வேறு நன்மை இல்லை. மணலில் தண்ணீர் நிற்காது, வெயிலில் கொதிக்கும். இரண்டுக்கும் இது தடுப்பு.

ஆனால் உரித்த அன்றே செடிக்குப் போடாதீர்கள். பச்சைப் பட்டையில் துவர்ப்புச் சத்து நிறைய இருக்கும். அந்தத் துவர்ப்பை வைத்துத்தான் தோல் பதனிடுவார்கள். ஆவாரம் பட்டையும் சீகைப் பட்டையும் அந்தக் காலத்தில் தோல் ஷாப்புக்கு வண்டி வண்டியாகப் போனது அதற்காகத்தான். எங்கள் மில் களத்தில் மழை பெய்த மறுநாள் பட்டைக் குவியலிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் ஓடும், அது தேங்கிய இடத்தில் புல் முளைக்காது. தைலமரப் பட்டை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதல் கவனம், அதன் எண்ணெய் இளம் நாற்றை வளரவிடாது. எனவே அரிவாளால் விரல் நீளத்துக்கு வெட்டி, இடுப்பளவு உயரத்துக்குக் குவித்து, நனைத்து, மூன்று நான்கு மாதம் ஆறவிடுங்கள். மாதம் இரண்டு தடவை மண்வெட்டியால் புரட்டுங்கள். புரட்டாமல் விட்டால் உள்ளே காற்றில்லாமல் புளித்துப்போகும். அப்படிப்பட்ட குவியலைக் கிளறினால் காடி வாடை மூக்கில் ஏறும். அதை அப்படியே செடியடியில் போட்டால் இரண்டே நாளில் இலைவிளிம்பு கருகும். வாடை வந்தால் பயப்பட வேண்டாம், தரையில் மெல்லிசாகப் பரப்பி, தண்ணீர் அடித்து, சில நாள் காற்றாட விடுங்கள். ஈர மண் வாசம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம். "கையில எடுத்து மோந்து பாரு அம்மிணி" என்று அப்பா சொல்வார். இன்றைக்கும் நான் அதைத்தான் செய்கிறேன்.

சவுக்கு ஊசியையும் விட்டுவிடாதீர்கள். பட்டை மேலே, ஊசி கீழே என்று போட்டால் மணலில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

சென்ற வருடம் பட்டை போட்டேன். நவம்பர் மழையில் எல்லாம் மிதந்துபோய்த் தெருக் கால்வாயை அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டாரோடு மனத்தாங்கல் வேறு.
— தாம்பரம் வாசகி

மரப்பட்டை மிதக்கும், அதைத் தடுக்க முடியாது. தண்ணீர் தேங்கும் இடத்திலும் சரிவான இடத்திலும் பெரிய கட்டிப் பட்டையைப் போடவே வேண்டாம். உங்கள் ஊரில் ஆவணியிலேயே அதை வாரிச் சாக்கில் கட்டிவைத்துவிட்டு, மழை ஓய்ந்த பின், தையில், திரும்பப் பரப்புங்கள். வெயில் காலத்துக்குத்தானே அது அதிகம் தேவை? மழைக் காலத்தில் மண் கரையாமல் இருக்க, நார் நாராக ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் பொருள் நல்லது: கரும்புச் சோகை, வைக்கோல், நறுக்கிய தென்னை ஓலை. பாத்தி ஓரத்தில் செங்கல்லை நிறுத்திவைத்து, பட்டை அதன் விளிம்புக்கு ஒரு அங்குலம் கீழே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் சாதாரண மழைக்குத் தாங்கும். வெள்ளத்துக்கு எதுவும் தாங்காது.

பொள்ளாச்சியில் தெரிந்தவர் ஒருவர் சாக்லேட் தயாரிக்கிறார். கோகோ கொட்டையின் தோலை மூட்டையாகத் தருகிறார். மணமாக இருக்கிறது. தோட்டத்தில் போடலாமா? எங்கள் வீட்டில் இரண்டு நாய்கள் உண்டு.
— பொள்ளாச்சி வாசகி

நாய் இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம், கண்ணு. சாக்லேட்டில் நாய்க்கு ஆகாத தியோபுரோமின் என்ற பொருள் அந்தத் தோலிலும் இருக்கிறது. மணத்துக்கு நாய் தின்றுவிடும். வாந்தி, படபடப்பு, வலிப்பு வரை போகலாம். முன்பே பரப்பியிருந்தால் இன்றைக்கே வாரிவிடுங்கள்.

பொள்ளாச்சியில் இருந்துகொண்டு மூடாக்குக்கு அலைய வேண்டுமா? தேங்காய் உரிமட்டையைக் குப்புறக் கவிழ்த்து, குழிந்த பக்கம் மண்ணைத் தொடும்படி அடுக்குங்கள். ஈரத்தையும் காக்கும், மக்கும்போது சாம்பல் சத்தும் (பொட்டாசியம்) தரும். மல்லாத்திப் போட்டால் மழைத்தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு முட்டையிடும். தேங்காய்ச் சிரட்டை தோட்டத்தில் எந்தப் பக்கமாகவும் வேண்டாம், நாய் ஒருமுறை உருட்டினால் மல்லாந்துவிடும்.

பட்டை போட்டால் கோரை அடங்குமா?
— திருச்சி வாசகர்

அடங்காது. குப்பைமேனி, மூக்கிரட்டை மாதிரி விதையில் முளைக்கிறவை வெகுவாகக் குறையும். கோரைக் கிழங்கு காகித அட்டையையும் துளைத்துக்கொண்டு வரும். கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டுப் பிறகு மூடுங்கள். மூடாக்கின் கீழ் மண் பொலபொலவென்று இருப்பதால், அப்புறம் தலைகாட்டுவதைக் கிழங்கோடு பிடுங்குவது சுலபம்.

நாகர்கோவிலில் ஒரு வாரமாக நல்ல மழை. இன்று காலையில் பார்த்தால், பட்டைமேல் யாரோ மஞ்சள் நிறத்தில் வாந்தி எடுத்த மாதிரி நுரை நுரையாக இருக்கிறது. நேற்று இல்லை. வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள்.
— நாகர்கோவில் வாசகர்

பயம் வேண்டாம். அது சளிப்பூஞ்சை என்று சொல்லப்படும் ஓர் உயிர். பெயரில் பூஞ்சை இருந்தாலும் பூஞ்சை இனம் இல்லை. ஈரமும் வெதுவெதுப்பும் இருக்கும்போது பட்டையில் உள்ள நுண்ணுயிர்களைத் தின்றுகொண்டு மெதுவாக நகரும். அதனால்தான் நேற்று இல்லாதது இன்று தெரிகிறது. செடியைத் தின்னாது. வெயில் அடித்தால் இரண்டு மூன்று நாளில் காய்ந்து பழுப்புத் தூளாகிவிடும். அந்தத் தூள் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆகவே ஈரமாக இருக்கும்போதே அடிப்பட்டையோடு கரண்டியால் அள்ளி உரக்குழியில் போட்டுவிடுங்கள். பிளீச்சிங் பவுடர் தூவாதீர்கள். எங்கள் வீட்டில் மழை தொடர்ந்தால் இது வரும். நான் அள்ளுவதுகூட இல்லை, வாடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு மாமரம். அம்மாவுக்கு 72 வயது. தினமும் காலையில் சருகு முழுவதையும் கூட்டிக் கொளுத்திவிடுகிறார். அதையே மூடாக்காகப் போடலாம் என்றால், "பாம்பு வந்து படுக்கும்" என்று சண்டைக்கு வருகிறார். நீங்கள் எழுதினால் கேட்பார்.
— கும்பகோணம் வாசகி

உங்கள் அம்மா சொல்வதை நான் மறுக்க மாட்டேன். சருகுக்குள் கண்ணாடி விரியன் படுத்தால் கண்ணுக்கே தெரியாது. காவிரிப் பாசனப் பகுதியில் வாழ்ந்தவருக்கு அந்தப் பயம் அனுபவத்தில் வந்தது. அதை மதித்து ஏற்பாடு செய்யுங்கள். பின்வாசலிலிருந்து கிணற்றுக்கும், துணிக்கொடிக்கும், கழிவறைக்கும் போகும் வழி முழுக்க, இருபுறமும் நாலடிக்கு, அம்மா கூட்டுகிற மாதிரியே பளிச்சென்று இருக்கட்டும். சருகு அதற்கு அப்பால், மாமரத்தின் கிளை நிழல் விழும் வட்டத்துக்குள் மட்டும். இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் வேண்டாம். எங்கும் குவியலாக நிற்கக் கூடாது, பொந்து மாதிரி இடம் கிடைத்தால்தான் எலி வரும், எலியைத் தேடித்தான் பாம்பு வரும். கிளறும்போது கையை விடாமல் நீளக் காம்பு முள்வாரியைப் பயன்படுத்துங்கள். இருட்டிய பின் அந்தப் பக்கம் போனால் டார்ச்சும் செருப்பும் கட்டாயம்.

அம்மாவுக்கு ஒரு வார்த்தை. அம்மா, நீங்கள் கூட்டுவதை நிறுத்த வேண்டாம். கொளுத்துவதை மட்டும் நிறுத்திவிட்டு, கூட்டியதைக் கூடையில் அள்ளி மாமரத்தடியில் கொட்டச் சொல்லுங்கள், மகள் செய்யட்டும். புகை உங்கள் நெஞ்சுக்கும் ஆகாது. ஆடி மாதம் ஆரம்பித்தால் அடுத்த ஆடிக்குள் அடிச்சருகு கறுத்து மக்கியிருக்கும். அப்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்துவிட்டு எனக்கு எழுதச் சொல்லுங்கள்.